முதலில் இடம், அப்புறம்தான் மண்சுவர்

போன வெள்ளிக்கிழமை ஒரு இடிந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தோம். தென்காசியிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம். ஊருக்கு நடுவில் 7 சென்ட், மூன்று பக்கம் பாதிச் சுவர், ஒரு கல்கட்டுக் கிணறு, யாரும் வைக்காமல் தானாக முளைத்த ஒரு முருங்கை. ஓய்வு பெற எனக்கு இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. அதற்குள் அங்கே மண்ணாலும் சுண்ணாம்பாலும் பழைய மரத்தாலும் ஒரு சின்ன வீடு எழுப்ப வேண்டும். இதைக் கேட்ட நண்பர்கள் எல்லாருக்கும் ஒரே ஆச்சரியம்: மூன்று வருடமாக மலை மலையாக ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் ஊருக்குள்ளேயா?

அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். இதே ஆசையோடு இடம் தேடிக்கொண்டிருப்பவர்கள் பலரை எனக்குத் தெரியும். எல்லாரும் நான் தொடங்கிய இடத்தில்தான் தொடங்குகிறார்கள், அதாவது சுவரில். மண்சுவரா, செங்கல்லா, கூரைக்கு ஓடா, நடுவில் ஓடு பதித்துக் கான்கிரீட்டைக் குறைக்கும் ஃபில்லர் ஸ்லாபா என்று. செலவு குறைந்த வீடுகளுக்குப் பேர்போன கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வீடுகளைப் பார்க்கத் திருவனந்தபுரம் போய்வந்தேன். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையில் கால்வாசிச் செங்கல் மிச்சமாகும், வெயிலும் உள்ளே இறங்காது என்பதைப் படித்து மனப்பாடமே செய்துவிட்டேன். வீட்டைச் சுற்றி ஐந்து மைல் தூரத்துக்குள் கிடைக்கும் பொருளாலேயே வீடு கட்ட வேண்டும் என்று காந்தி சொன்னதை பேக்கர் அடிக்கடி நினைவுகூர்வார். அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் அந்த ஐந்து மைல் எந்த ஊரைச் சுற்றி என்பதை மட்டும் நான் யோசிக்கவே இல்லை. குளிர்ச்சியாக, அமைதியாக, மலையோரமாக என்று ஒரு படம் மனதில் இருந்தது, அவ்வளவுதான்.

முதலில் பார்த்தது கொடைக்கானல் கீழ்மலையில் ஒரு காப்பித் தோட்டத்தின் ஓரம். அரை ஏக்கர், சரிவு நிலம், எதிரே மலை மலையாக நீலம். நானும் மனைவியும் ஒரு பாறையில் உட்கார்ந்து கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டோம். அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இருந்தது எனக்கு. அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"ஏங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு மூச்சு முட்டினா என்ன பண்ணுவீங்க?"

அவளுக்கு ஆஸ்துமா. பெரிய ஆஸ்பத்திரிக்கு 25 கிலோமீட்டர், அதில் பாதி கொண்டை ஊசி வளைவு. காரை எடுக்க வேண்டியதுதான் என்றேன். எழுபத்தைந்து வயதிலுமா என்றாள். என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தக் கணக்கை நீங்களும் ஒருமுறை உங்கள் இடத்துக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். ஆஸ்பத்திரி, மருந்து, மளிகை, பேங்க், யாராவது வந்தால் கூட்டிவர என்று வாரத்துக்கு இரண்டு முறை போய்வர 50 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் என்றால் ஒரு தடவைக்கு ஏழரை கிலோவுக்கு மேல், வருடத்துக்கு ஏறக்குறைய 800 கிலோ. பதினைந்து வருடம் அங்கே வாழ்ந்தால் 12 டன். இப்போது சிமென்ட் பக்கம் வாருங்கள். 50 கிலோ மூட்டை ஒன்றைத் தயாரிக்க உத்தேசமாக 40 கிலோ வெளியேறுகிறது என்று வைத்தால், 12 டன் என்பது 300 மூட்டை. சதுர அடிக்கு 0.4 மூட்டை என்று கொத்தனார்கள் போடும் கணக்குப்படி, 750 சதுர அடியில் ஒரு முழு கான்கிரீட் வீட்டுக்கு ஆகும் சிமென்ட் அது! ஒரு மூட்டை சிமென்ட்கூடத் தொடாமல் நான் மலைமேல் மண்வீடு கட்டினாலும், காரோட்டியே அந்த 300 மூட்டையையும் எரித்துத் தீர்த்திருப்பேன். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

எலக்ட்ரிக் கார் வாங்கலாமே அப்பா என்றாள் மகள். வாங்கலாம். அந்த வளைவுகளில் அதையும் யாராவது ஓட்டித்தானே ஆக வேண்டும்.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கொடைக்கானல், நீலகிரி, ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளில் பல கிராமங்கள் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் வருகின்றன. அங்கே வீடு கட்ட வழக்கமான அனுமதியோடு அந்தக் குழுமத்தின் அனுமதியையும் வாங்க வேண்டும். இதை ஒரு தொந்தரவாகப் பார்க்கிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல் அங்கே வீட்டுக்கு மனை கிடைக்காது, வெட்டிய சரிவு மழைக்குத் தாங்காது. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மண்ணோடு போனதைப் பார்த்த பிறகு மலைச்சரிவில் மண்வெட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது திருவண்ணாமலை. ஓய்வுக்குப் பிறகு அங்கே குடியேறுகிறவர்கள் நிறைய, எங்களுக்கும் அந்த ஊர்மேல் பக்தி உண்டு. மலையடிவாரத்தை ஒட்டி ஒரு மனை பார்த்துவிட்டு வந்தோம். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் அங்கே மலைச்சரிவில் 7 பேர் மண்ணில் புதைந்து இறந்தார்கள். நாங்கள் பார்த்த மனை அந்த இடமில்லை, ஆனாலும் அதோடு விட்டோம்.

அதே சுற்றில் ஒரு தரகர் மிகவும் மலிவாக ஒரு ஏக்கர் காட்டினார். செம்மண், பக்கத்திலேயே பஸ், எல்லாம் சரியாக இருந்தது. இவ்வளவு மலிவாக ஏன் என்று பழைய பதிவேட்டைத் தேடிப் பார்த்தால் அது பஞ்சமி நிலம். 1892ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம், முதல் பத்து வருடம் விற்கவே கூடாது, அதற்குப் பிறகும் அதே மக்களுக்குத்தான் விற்கலாம் என்ற நிபந்தனையோடு கொடுத்தது. எல்லாரும் வாங்குகிறார்கள் சார், பட்டாவே மாறியிருக்கிறது என்றார் தரகர். பட்டா மாறியிருந்தால் மட்டும் அது என் நிலமாகிவிடாது. நிலமில்லாத குடும்பத்துக்குப் போயிருக்க வேண்டிய மண்ணில் நான் மண்சுவர் எழுப்பி, அதை இயற்கை வீடு என்று சொல்லிக்கொள்ள முடியாது. இயற்கை விவசாயம், இயற்கை வீடு என்று நிலம் தேடுகிறவர்கள் எல்லாரும் தயவுசெய்து நிலத்தின் வகையைச் சொல்லும் ஏ பதிவேட்டையும், அந்தக் காலத்து நில அளவையில் எழுதிய பழைய செட்டில்மென்ட் பதிவையும் பாருங்கள். வில்லங்கச் சான்றிதழ் முப்பது வருடத்துக்குப் போட்டால் போதும் என்பார்கள், இதற்கு அது போதாது.

ஆரோவில் பக்கம் நான் போனது மனை பார்க்க இல்லை, படிக்க. அங்குள்ள மண் கட்டுமான நிறுவனம் 1989லிருந்து இயங்குகிறது, பயிற்சி வகுப்பும் நடத்துகிறார்கள். 5 சதவீதம் சிமென்ட் மட்டும் கலந்து, அச்சில் போட்டு அமுக்கி, சூளையே இல்லாமல் எடுக்கும் மண் பிளாக்கை முதல்முறை கையில் தூக்கிப் பார்த்தபோது, சூளைச் செங்கல் இல்லாமலேயே இந்தச் செம்மண்ணில் எத்தனை பெரிய கட்டடங்கள் நிற்கின்றன என்று மலைத்துப்போனேன். சுற்று வட்டாரத்தில் நிலத்தின் விலை எங்கள் சேமிப்புக்கு எட்டாது. அங்கே கற்றது மட்டும் கூடவே வந்தது.

தென்காசிக்கு எப்படி வந்தோம் என்றால், மனைவியின் பெரியம்மா அங்கே இருக்கிறார்கள். ஒரு ஆடி மாதம் அவர்களைப் பார்க்கப் போயிருந்தோம். ஆரியங்காவு கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று வந்துகொண்டே இருந்தது, கூடவே சாரல், வெயிலடிக்கும்போதே தூறல். காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றால் அந்தக் காற்று ஆளைத் தள்ளும். மதியம் இரண்டு மணிக்கு மின்விசிறி போடாமல் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் தூங்கி எழுந்தேன். இந்த ஊர்தான் என்று அப்போதே முடிவாகிவிட்டது, இந்த ஊரில் எங்கே என்பதற்குத்தான் இன்னும் ஒரு வருடம் ஆனது.

ஏனென்றால் நாங்கள் மறுபடியும் மலையடிவாரத்துக்குத்தான் ஓடினோம். மேக்கரை, பண்பொழி, வடகரைப் பக்கம் தோப்புகளைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அங்கே தென்னையும் வாழையும் வைத்திருக்கிறவர்களிடம் பேசிய பிறகுதான் யானை வந்துபோகும் வழி எது என்று புரிந்தது. யானை நம் தோட்டத்துக்கு வருகிறது என்று சொல்கிறோம். அது போய்க்கொண்டிருந்த தடத்தில் இன்னும் ஒரு வேலி, இன்னும் ஒரு விளக்கு என்று நாம்தான் போடுகிறோம். அடுத்து கிழக்கே பார்த்தோம், சுரண்டை, ஆலங்குளம் போகும் வழியில். நிலம் மலிவு, காற்று உண்டு. ஆனால் சாரல் அத்தனை தூரம் எட்டாது, செங்கோட்டையில் நனைந்த சட்டை அங்கே போய்ச் சேரும் முன் காய்ந்துவிடும். போர்வெல்லை நம்பித்தான் வாழ வேண்டும், எத்தனை அடி என்று கேட்டால் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு எண் சொல்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் குளத்துப் பாசனம் உள்ள ஊர்களில் நல்ல நஞ்சை விலைக்கு வந்தது. நெல் விளைகிற வயலை மேடாக்கி வீடு கட்ட எங்கள் இருவருக்குமே மனமில்லை, அதைப் பேசக்கூட இல்லை.

அப்போது பெரியம்மாதான் சொன்னார்கள். "மருமவனே, ஊரைச் சுத்திச் சுத்தி வாரிய, ஊருக்குள்ள எத்தனை வீடு ஆளில்லாம விழுந்து கெடக்கு, அதை ஏன் பாக்க மாட்டேங்கிய?"

உண்மையில் அதுவரை அது எங்கள் கண்ணிலேயே படவில்லை. தெருவுக்கு இரண்டு வீடாவது அப்படிக் கிடக்கிறது. பிள்ளைகள் சென்னையிலோ மும்பையிலோ இருப்பார்கள், பெரியவர்கள் போனதும் பூட்டியது, பத்து வருடத்தில் ஓடு சரிந்து, மழை இறங்கிச் சுவர் கரைந்திருக்கும். எல்லாம் கிராம நத்தம், அதாவது ஏற்கெனவே குடியிருப்பு நிலம். புதிதாக ஒரு சென்ட் மண்ணைக்கூட நாம் கெடுக்க வேண்டியதில்லை. ரோடு இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, பஸ் ஸ்டாப் நடக்கிற தூரம், ஆரம்ப சுகாதார நிலையம் ஆட்டோவில் பத்து நிமிடம், தென்காசியில் ஆஸ்பத்திரிகள், ரயில் எல்லாம் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் திறக்க நாலு வீடு இருக்கிறது. மனைவியின் கேள்விக்கு மூன்று வருடம் கழித்துக் கிடைத்த பதில் இதுதான்.

இந்த வீட்டை நாங்கள் மூன்று பருவத்தில் பார்த்தோம். மே மாதம் மதியம் மூன்று மணிக்கு, ஐப்பசி அடைமழையில், அப்புறம் ஆடிக் காற்றில். தரகர்கள் எப்போதும் நிலத்தை நல்ல நேரத்தில்தான் காட்டுவார்கள், அதனால் இதை மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. மே மாதம் கிணற்றில் கயிறு விட்டுப் பார்த்தோம். 36 அடிக் கிணறு, அடியில் எட்டு அடி தண்ணீர் நின்றது, இத்தனை வருடம் தூர் வாராமலே. ஐப்பசியில் தெருத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தோம். 1992 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய அந்த மழையிலும் இங்கே தண்ணீர் எதுவரை வந்தது என்று எதிர் வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். கோயில் படி மூன்றாவது வரைக்கும் என்றார்கள், இந்த வீட்டின் கல் அடிமானம் அதைவிட ஒரு முழம் உயரம்.

ஆடியில் கற்றது இன்னும் முக்கியம். சாரல் மேலிருந்து இறங்குவதில்லை, காற்றோடு மேற்கிலிருந்து பக்கவாட்டில் அடிக்கிறது. விழுந்த வீட்டில் முழுசாகக் கரைந்திருந்தது மேற்குச் சுவர் மட்டும்தான். பழைய ஆட்கள் அந்தப் பக்கம் ஒரு தாழ்வாரம் இறக்கியிருக்கிறார்கள், இடையில் யாரோ அதை எடுத்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு, அது பறந்துபோன பிறகு சுவர் நனையத் தொடங்கியிருக்கிறது. மண்சுவருக்கு நல்ல குடையும் நல்ல செருப்பும் வேண்டும் என்பார்கள், அதாவது நீண்டு இறங்கும் கூரையும் உயர்ந்த அடிமானமும். இங்கே குடை மேற்கே நாலடி நீள வேண்டும். ஐப்பசியில் கிழக்கிலிருந்தும் அடிக்கும் என்பதால் அந்தப் பக்கமும் திண்ணையோடு சேர்த்து இறக்கப் போகிறோம்.

அப்புறம் மண். கரைந்து கிடந்த சுவரிலிருந்து கொஞ்சம், கொல்லையில் இரண்டடி தோண்டி எடுத்தது கொஞ்சம் என்று இரண்டு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குலுக்கி பெரியம்மா வீட்டு ஜன்னலில் வைத்தேன். ஆரோவில்லில் சொல்லிக்கொடுத்தது. பருமணல் உடனே அடியில் உட்காரும், வண்டல் சில மணி நேரத்தில், களி கடைசியாக. மறுநாள் காலையில் தண்ணீர் தெளிந்திருந்தது. அளவுகோல் வைத்துப் பார்த்தால் சுவர் மண்ணில் மணல் பாதிக்குக் கொஞ்சம் மேல், களி ஐந்தில் ஒரு பங்கு. மண் பிளாக்குக்கு அவர்கள் சொன்ன அளவு சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம். எண்பது வருடத்துக்கு முன்பு பாட்டிலும் அளவுகோலும் இல்லாமல் யாரோ இதைச் சரியாகக் கலந்திருக்கிறார்கள்! கொல்லை மண்ணில் களி குறைவு, களி மிகுந்த குளத்து மண் சேர்க்க வேண்டும், அதற்குத் தாலுகா ஆபீஸில் அனுமதி கேட்க வேண்டும்.

கூட வந்த கொத்தனாருக்கு எழுபது வயதிருக்கும். பாட்டிலை ஒரு பார்வை பார்த்தார். "அண்ணாச்சி, இதுல என்னத்த பாக்கிய? கையில எடுத்தா தெரிஞ்சிரும்லா." சுவர் மண்ணில் கொஞ்சம் எடுத்து எச்சில் அளவுத் தண்ணீர் தொட்டுப் பிசைந்தார். உள்ளங்கையில் வைத்துத் திரித்தார், சுண்டுவிரல் தடிமனில் ஒரு கயிறு மாதிரி வந்தது. அதன் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார், ஒரு சாண் வரைக்கும் அறுந்து விழாமல் தொங்கியது. கொல்லை மண்ணில் அதையே செய்தபோது நாலு விரல்கடையில் முறிந்தது. பாட்டில் சொன்னதும் அதுதான். "இந்தச் செவரு மண்ண ஒரு கூடைகூட வெளிய போட்ராதிய. நனைச்சு, மிதிச்சு, இதையே வச்சிரலாம்" என்றார்.

கரிசல் மண்ணாக இருந்திருந்தால் இத்தனை சந்தோஷம் இருந்திருக்காது. மழையில் ஊதி வெயிலில் சுருங்கும் மண் அது, அடிமானமே ஆடும், சுவர் வெடிக்கும். மண்வீட்டு ஆசையில் கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கம் நிலம் பார்க்கிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

சரிந்த கூரையில் பனஞ்சட்டம் இருபத்திரண்டு கிடந்தது. கொத்தனார் ஒவ்வொன்றாகச் சுத்தியால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். பதினான்கு வைரம் பாய்ந்தது, கணீர் என்றது. எட்டைக் கரையான் தின்றிருந்தது. மிச்சத்துக்குப் புதிய மரம் வாங்காமல் இன்னொரு இடிந்த வீட்டிலிருந்து எடுக்கலாம் என்று பேசியிருக்கிறோம். ஓட்டுக் கூரை 80 சதுர மீட்டர் வரும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர், ஆகவே வருடத்துக்கு 800 மி.மீ. என்று குறைத்துப் போட்டாலும் 64,000 லிட்டர். இரண்டு பேருக்குக் குடிக்க, சமைக்க நாளைக்கு 25 லிட்டர் போதும், வருடத்துக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். 10,000 லிட்டருக்குத் தொட்டி கட்டிவிட்டு மிச்சத்தைக் கிணற்றுக்குத் திருப்பிவிடுவோம்.

கஷ்டமான பகுதி பத்திரம்தான். ஊருக்குள் இடிந்த வீடு என்றால் வாரிசுகள் கூட்டம் என்று அர்த்தம். இதற்கு ஒன்பது பேர், ஒருவர் துபாயில், ஒருவர் பேச்சுவார்த்தையே இல்லாத தம்பி. ஒன்பது பேரும் கையெழுத்துப் போடாமல் பத்திரம் வேண்டாம் என்று நாங்கள் பிடிவாதமாக இருந்ததில் எட்டு மாதம் போனது. தம்பியிடம் பேசப் பெரியம்மாதான் போனார்கள். வந்து கையெழுத்துப் போட்ட அன்று அவர் வீட்டுக்குள் போய், அடுப்படி இருந்த மூலையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அம்மாவின் ஆட்டுக்கல்லை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எங்களிடம் அனுமதி கேட்க வேண்டிய பொருளா அது. நானும் ஒரு பக்கம் பிடித்து ஆட்டோவில் ஏற்றிவிட்டோம்.

சித்திரையில் கிணறு தூர் வாருகிறோம். சாரல் முடிந்து ஆவணியில் சுவர் வேலை தொடங்கி, ஐப்பசிக்குள் கூரை மூட வேண்டும் என்கிறார் கொத்தனார், இல்லையென்றால் தை வரை பொறுக்கலாம் என்கிறார். நான் தைக்குத்தான் சாய்கிறேன், ஈரம் காய அவகாசம் வேண்டும். பூச்சுக்குக் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீர், சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பைச் சரியாக நீற்றத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் குறைந்துவிட்டார்கள். தென்காசி, சங்கரன்கோவில் வட்டாரத்தில் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், நேரில் போய்ப் பார்த்துக் கூட்டிவருகிறேன்.